அத்தான் ஊரில் இல்லாதபோது வெட்ட வேண்டிய கொடி

ஜனவரி 8

எடைக்கற்கள் எழுந்து நின்று வணக்கம் வைக்கும், தராசு முட்கள் பெயரைக் கேட்டாலே நடுங்கும், ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளர் மகாராஜா அத்தான் அவர்களின் சமூகத்துக்கு,

சென்ற பிப்ரவரியில் தங்களால் வாசல்வரை வழியனுப்பப்பட்ட (தள்ளப்பட்ட என்று எழுத மாட்டேன், மரியாதை தெரிந்தவன்) தங்கள் மனைவியின் தம்பி, பல்செட் செய்து பிழைக்கும் அடியேன் எழுதிக்கொள்வது. போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் கடிதம். இதைத் தபால்காரர் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. கதவிடுக்கு இன்னும் வெளியே தெரிகிறது என்றால்.

தெரியவில்லை என்றுதான் உங்கள் மகள் சொல்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்த்துவிட்டுப் போனவள், தன் வீட்டுக்குப் போனதும் போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வாசலில் நட்ட கிருஷ்ணகமலக் கொடி காம்பவுண்டுச் சுவரை விழுங்கி, சன்ஷேடை விழுங்கி, இப்போது மாடிக் குழாயின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறதாம். குழாய் அடைத்து, முன்னறைச் சுவர் ஊறி, சுண்ணாம்பு உங்கள் சாப்பாட்டுத் தட்டில் உதிர்கிறதாம். இவ்வளவு செய்த கொடி போன வருஷம் பேருக்குக்கூட ஒரு பூ பூக்கவில்லையாம்.

நான் கேள்விப்பட்டது இன்னும் அதிகம். மீட்டர் பார்க்க வந்தவர் உள்ளே போய் வழி தெரியாமல், அங்கேயே குடித்தனம் நடத்துவதாகப் பேச்சு. நேற்று எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் ஒரு பச்சைச் சுருள் பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. உங்கள் வீட்டுக் கொடிதானோ என்று விசாரித்தேன். பதில் சொல்லவில்லை. உங்களிடம் வளர்ந்ததுதான்.

விளையாட்டு போதும். "மாமா, அப்பா தானும் வெட்ட மாட்டேங்கறார், வர்ற ஆளையும் விரட்டறார். மார்ச் பொறந்ததும் வேரோட எடுத்துடச் சொல்லிட்டேன்" என்றாள். குரலில் பாதி கோபம், பாதி அழுகை. ஆளிடமும் சொல்லிவைத்துவிட்டாள்.

குளிர் விட்டு, துளிர் வருவதற்கு முன்னால் பிப்ரவரியில் ஒரு வெட்டு வெட்டினால் போதும். வேரோடு போக வேண்டியதில்லை. கத்தரியை எடுங்கள். அல்லது எடுக்க என்னைக் கூப்பிடுங்கள்.

தங்கள் காலடித் தூசு (ஒரு கிராமுக்குக் குறைவு, நிறுத்துப் பார்த்துக்கொள்ளவும்),
மச்சினன்


ஜனவரி 19

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கொடி இந்தத் தெருவைத் தாண்டவில்லை. மீட்டர் பார்க்க வந்தவர் அன்றே வீட்டுக்குப் போய்விட்டார். சுவர் ஊறுவது உண்மை. தட்டில் சுண்ணாம்பு விழுந்தது ஒரு முறை. தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

கொடி உன் அக்கா வைத்தது. அவள் இருந்தவரை அதன்மேல் ஒரு கத்தி பட்டதில்லை. வருஷா வருஷம் பிப்ரவரியில் நான் வெளியூர் ஆய்வுக்குக் கேம்ப் போய்விட்டு வந்து முதலில் பார்ப்பது அதைத்தான். கட்டுப்பாடாக, கம்பியோடு ஒட்டி நிற்கும். கத்தி வைத்து வளர்த்த செடிகூட அப்படி நிற்காது.

அவள் கையால் தொட்ட கிளைகள் அதில் இருக்கின்றன. எது என்று எனக்குத் தெரியாது. தெரியாதபோது எதையும் வெட்ட முடியாது.

மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ சிரமப்பட வேண்டாம். முழங்கால் வலிக்கு மருந்து சாப்பிடுகிறாயா?

இப்படிக்கு,
அத்தான்


ஜனவரி 27

முழங்காலை விசாரித்த மகானுக்கு,

முழங்கால் நலம். நடக்கும்போது அது எழுப்பும் ஓசையைக் கேட்டுப் பக்கத்துத் தெருவில் கதவைத் திறந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

கத்தி பட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், மேஜைமேல் காயவைத்திருந்த பல்செட்டுகள் எல்லாம் சேர்ந்து சிரித்தன. அத்தான், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். நானும் அக்காவும் கட்டிக்காத்த ராணுவ ரகசியம் ஒன்றை இன்று அவிழ்க்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். கொடி பிழைத்தால் சரி.

வீடு கட்டிக் குடிவந்த மறுவருஷம் ஞாபகம் இருக்கிறதா? அக்கா உங்கள் கண்ணெதிரே ஒரே ஒரு கிளையைத்தான் வெட்டினாள். நீங்கள் ஆபீசுக்குக் கிளம்பி நின்றவர், ஓடிப்போய் வெட்டுப்பட்ட இடத்தில் உங்கள் கைக்குட்டையை வைத்துக் கட்டுப் போட்டீர்கள். சாயங்காலம் வந்து கட்டு ஊறியிருக்கிறதா என்று பார்த்தீர்கள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சந்தையில் அரைக் கிலோ கல்லில் ஈயம் சுரண்டியவனைத் தெருத்தெருவாகத் துரத்திப் பிடித்த மனுஷன், ஒரு கிளைக்காகக் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "டேய் தடியா, இந்தாளு வீட்ல இருக்கறப்போ இலையைக் கிள்ளினாக்கூடப் பாவம். அவர் கேம்ப் போகட்டும், நீ வா" என்றாள்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் நடந்தது இது: நீங்கள் பெட்டியோடு முன்வாசலில் பஸ் ஏறுவீர்கள். உங்கள் பஸ் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் நான் பின்வாசலில் இறங்குவேன். அக்கா உங்கள் பழைய கேம்ப் சட்டையை மாட்டிக்கொண்டு, கையை மடித்துவிட்டு, தளபதி மாதிரி கீழே நிற்பாள். நான் ஏணிமேல். அவள் விரலை நீட்டுவாள், நான் வெட்டுவேன்.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அடியிலிருந்து ஏறிக் கம்பியில் படர்ந்த முதிர்ந்த தண்டுக்குப் பெயர் அம்மா. அதிலிருந்து பக்கவாட்டில் கிளம்பி, பூத்து முடித்து, ஊர்மேயப் போன கிளைகளுக்குப் பெயர் வம்பு. "வம்பை வெட்டு, அம்மாவைத் தொடாதே." வம்பிலும் இரண்டு மூன்று கணு விட்டுத்தான் வெட்ட வேண்டும். அந்தக் கணுவில் வரும் புதுத்துளிரில்தான் பூ. பழைய கிளையில் பூக்காது, அது நன்றாகத் தின்று வளரும், அவ்வளவே. என்னை மாதிரி என்பாள்.

வெட்டியதை உடனே இழுக்கவும் விடமாட்டாள். கொடியின் சுருள் ஒவ்வொன்றும் பக்கத்துக் கிளையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்றை இழுத்தால் பத்து வரும், நல்லதும் முறியும். அதனால் அப்படியே தொங்கவிட்டுக் காயவைப்போம். காய்ந்தால் தானே பிடியை விடும். அதற்குள் சமையலறையில் உட்கார்ந்து நாங்கள் பேசாத ஊர்க்கதை இல்லை, நீங்கள் எங்கள் வாயில் விழாத நேரம் இல்லை. சுருண்டதையெல்லாம் உங்கள் தலையணை உறைகளில் அடைத்து, திருட்டு நகை கடத்துவதுபோல நானூறு மூட்டை கடத்தினேன்.

கடைசியில் நீங்கள் வருவீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொடி முன்னால் நின்று, "பாத்தியா, கத்தியே வைக்காம எவ்வளவு அடக்கமா வளருது" என்பீர்கள். அக்கா முகத்தில் ஒரு ரேகை அசையாது. நான் சமையலறையில் கதவுக்குப் பின்னால், வாயில் துண்டை அடைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷம் சில இலைகள் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஊற்றவில்லையா என்று கேட்டீர்கள். வெயில் அதிகம் என்றாள். பிப்ரவரியில். நீங்களும் தலையாட்டினீர்கள்.

ஆகவே, எடையளவு மன்னரே, அந்தக் கொடியில் அக்காவின் விரல் நீட்டாத இடமே இல்லை. வெட்டுவதுதான் அவள் கை பட்ட வேலை. வெட்டாமல் விட்டது நீங்கள்தான்.

தலையணை உறைக் கொள்ளைக்காரன்


பிப்ரவரி 4

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தில் சில அளவுகள் தவறு. திருத்துகிறேன்.

தலையணை உறை நானூறு அல்ல. வருஷத்துக்கு இரண்டு. கறையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நீ வந்தது பின்வாசல் வழியாக அல்ல. முன்வாசல் வழியாகவே வருவாய், தெருவில் எல்லோரிடமும் நின்று பேசிவிட்டு.

எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அதுவும் தவறு.

மூன்றாவது வருஷமோ நான்காவதோ, கேம்ப் போன ஊரில் சந்தை கூடவில்லை. ஒரு நாள் முன்னதாகவே திரும்பினேன். தெருமுனையில் வரும்போதே நீ ஏணிமேல் நிற்பது தெரிந்தது. அவள் என் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே நின்றாள். நீ என்ன சொன்னாயோ, ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெருவில் கேட்கிற மாதிரி. என்னோடு இருக்கும்போது அவள் புன்னகை செய்வாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உள்ளே போனால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. எதிரே தையல்காரர் கடையில் போய் உட்கார்ந்தேன். என்ன தைக்க வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் என் சட்டையில் உறுதியாக இருந்த பட்டன்களையே மறுபடியும் தைத்துக் கொடுத்தார். அன்று இரவு பஸ் நிலையத்துப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டு, மறுநாள் சரியான நேரத்துக்கு வந்தேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் கேம்பின் தொடக்கத்தில் ஒரு நாள் கூட்டி எழுதினேன். என் சர்வீஸில் நான் தெரிந்து எழுதிய தவறான அளவு அது ஒன்றுதான். அந்த ஒரு நாளைத் தையல்காரர் கடையில் கழித்தேன். நீ வெட்டுவதை நான் பார்ப்பதில்லை. அவள் விரல் எந்தக் கிளையைக் காட்டுகிறது என்பது அங்கிருந்தே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன பிப்ரவரியில் ஏன் கத்தினேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நான் முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீ என் கண்ணெதிரே கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். நான் வீட்டில் இருக்கும்போதே. என்னை வெளியே அனுப்பிவிட்டு அதை எடுக்க வேண்டிய ஆள் இனி இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அதுவரை அவள் உள்ளே எங்கோ இருப்பது போலத்தான் இருந்தது.

அதோடு, நீ கத்தரியை வைத்தது 'அம்மா' என்று எழுதியிருக்கிறாயே, அந்தத் தண்டின்மேல்.

கத்தியதற்கு வருந்துகிறேன். வாசல்வரை வந்தது வழியனுப்பத்தான்.

அத்தான்


பிப்ரவரி 10

அத்தான்,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நாலாயிரம் என்று எழுத கை வந்தது. நான்குதான்.

அந்தச் சிரிப்புக்கு நான் என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. உங்களைப் பற்றித்தான் இருக்கும். வேறு எதற்கும் அவள் அப்படிச் சிரிக்க மாட்டாள்.

இப்போது என் பங்குக்கு ஒரு நிஜம். எனக்கு எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியாது. அம்மா, வம்பு, கணு என்று முழ நீளத்துக்கு எழுதினேனே, அதெல்லாம் அவள் சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தது. ஏணிமேல் நிற்பவனுக்கு முகத்துக்கு எதிரே இலைதான் தெரியும். எது தாய்த்தண்டு, எது கிளை, கீழே தள்ளி நிற்பவருக்குத்தான் தெரியும். போன வருஷம் கத்தரியோடு போனவன், எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிய, கைக்கு எட்டியதில் வைத்தேன். நீங்கள் கத்தியிருக்காவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். அடி முதிர்ந்த தண்டில் வெட்டினால் மறுபடி துளிர்ப்பது சந்தேகம் என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டதுண்டு. இந்தத் தடவையும் நான் தனியாக வெட்டினால், உங்கள் மகள் சொல்லிவைத்த ஆளுக்கு வேலை மிச்சம்.

நீங்களோ வீட்டில் இருக்கும்போது வெட்டப் பொறுக்க மாட்டீர்கள். அதனால் அகில உலகக் கொடிகள் வாரியத்தின் தலைவர் என்ற முறையில் (இன்று காலை பல் தேய்க்கும்போது ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன்) கீழ்க்கண்ட உத்தரவைப் பிறப்பிக்கிறேன். ஓய்வுபெற்ற ஆய்வாளர் அவர்கள் இம்மாதம் 20ஆம் தேதி காலை உடனடியாகக் கேம்ப் கிளம்ப வேண்டும். பெட்டி, சோப்பு, துண்டு சொந்தச் செலவு. எந்த ஊர், என்ன ஆய்வு என்று வாரியம் கேட்காது. வெட்டு முடிந்து, வெட்டியது காய்ந்து, கீழே இறங்கும்வரை வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

தெருவில் ஒரு தையல் கடை இருப்பதாக வாரியத்துக்குத் தகவல். அங்கே யார் உட்கார்ந்தாலும் வாரியம் தலையிடாது.

தலைவர்
(மற்றும் தடியன்)


பிப்ரவரி 15

மாப்பிள்ளைக்கு,

உத்தரவு கிடைத்தது. 20ஆம் தேதி காலை கிளம்புகிறேன். எங்கே என்று சொல்வதற்கில்லை.

சாவி தையல்காரரிடம் இருக்கும். ஏணியின் மூன்றாவது படி ஆடியது, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன். கத்தரிக்கு எண்ணெய் போட்டாயிற்று. டீத்தூள் புதிது. கேம்ப் சட்டை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அங்கே இருக்கிறது என்று சொன்னேன்.

மகளிடம் ஜூன் வரை பொறுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கேம்ப் போகிறேன் என்றேன். அவளே பெட்டி எடுத்து வைக்க உதவினாள். குடையையும் வைத்தாள்.

அத்தான்


பிப்ரவரி 23

கேம்பில் வாடும் அத்தானுக்கு,

இதை உங்கள் மேஜைமேல் டீத்தூள் டப்பாவின் கீழ் வைக்கிறேன். நீங்கள் ஊரில் இல்லாதபோது இங்கே நடந்த அதிசயங்களை நீங்கள் அறிய வழியில்லை. ஆகவே அறிக்கை.

20ஆம் தேதி நான் ஏணியை வைத்து ஏறி நின்றேன். முன்னால் பச்சை, பின்னால் பச்சை, உள்ளுக்குள் ஒரு பறவைக் கூடு, ஒரு பந்து, நாம் தொலைத்ததாக நினைத்த கொடிக்கயிறு. எங்கே கத்தரியை வைப்பது என்று தெரியாமல் அரை யுகம் நின்றேன். அப்போது எதிரே தையல் கடையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். யாரோ வெளியூர் ஆள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, மனிதர் ஒரு குடையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கத்தரியை ஒரு கிளையில் வைத்தேன். குடை ஆடாமல் நின்றது. பக்கத்தில் இன்னொன்றில் வைத்தேன். குடை வேகவேகமாக இடவலமாக ஆடியது. கத்தரியை எடுத்துவிட்டு இலையை விலக்கிப் பார்க்கிறேன், அம்மா.

அப்புறம் நான் என் மூளைக்கு லீவு கொடுத்துவிட்டேன். குடை மேலே போனால் மேலே, கீழே போனால் கீழே. இரண்டு கணு விட்டு வைத்தால் குடை தாழும். ஒரு கணுவில் வைத்தால் அந்தப் பெரியவர் எழுந்தே நிற்பார். நடுவில் தையல்காரர் அவர் தோளை அளவெடுக்க முயன்று, குடைக்கு மூன்று முறை குனிந்தார். தெருவில் போன காய்கறிக்காரம்மா நின்று, யாரோ பெரிய இன்ஜினீயர் போலிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். இருக்கலாம், எனக்குத் தெரியாதவர் என்றேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். நான் வெட்டும் நொடியில் அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொள்கிறார். சத்தம் நின்றதும் திறக்கிறார். குடை மட்டும் நகர்வதில்லை.

வெட்டியதைத் தொங்கவிட்டோம். காய்ந்து, பிடி விட்டு, இன்று மத்தியானம் எல்லாம் இறங்கிவிட்டது. மாடியில் ஒரு வாளி தண்ணீர் கொட்டிப் பார்த்தேன், குழாயில் தடையில்லாமல் ஓடுகிறது. கம்பியில் அம்மாவும், அங்கங்கே விரல்கடை அளவில் கிளைகளும்தான் பாக்கி. பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும், மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாருங்கள். தலையணை உறை இரண்டுதான். எண்ணிக்கொள்ளலாம்.

சட்டையைப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தொப்பையில் பட்டன் சேரவில்லை. அவளுக்கு இது எவ்வளவு தொளதொளவென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் சாயங்காலம் வருவீர்கள் என்று நினைக்கிறேன், வழக்கம்போல. நான் சமையலறையில், கதவுக்குப் பின்னால் இருப்பேன். துண்டு கையில் இருக்கிறது.

மச்சினன்


ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

இன்று காலை முதல் பூ. நீ எதையும் பெருக்கி எழுதுவாய் என்பதால் அளந்து எழுதுகிறேன்: என் உள்ளங்கை அகலம். புதுத்துளிரில், சரியாக மூன்றாவது கணுவுக்கு மேல். மொட்டுகள் நிறைய இருக்கின்றன. எண்ணவில்லை.

மகள் வந்து பார்த்தாள். சொல்லிவைத்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். யார் வெட்டியது என்று கேட்டாள். யாரும் வெட்டவில்லை என்றேன். சரிப்பா என்றாள். அவள் புன்னகை அவள் அம்மாவுடையது.

அன்று கேம்ப் முடிந்து வந்ததைப் பற்றி நாம் பேசவில்லை. நீயும் மறுநாள் பஸ் ஏறும்வரை கேட்கவில்லை. வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமல், வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பக்கத்தில் முகத்தை அசைக்காமல் நிற்க யாரும் இல்லை. ஆனால் சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. கொஞ்ச நேரம் உருண்டுகொண்டே இருந்தது. நீ சிரித்தாயா என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவசரம் இல்லை. செருப்பின் வாரை அவிழ்க்க நேரம் எடுத்துக்கொண்டேன்.

தையல்காரர் தைத்த சட்டை தோளில் சரியாக உட்காரவில்லை. அளவெடுக்கும்போது நான் ஆடினேன் என்கிறார். அடுத்த பிப்ரவரியில் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கேம்பில் அடுத்த தடவை இன்னும் ஒரு நாள் கூட்டிப் போடலாம் என்றிருக்கிறேன். முழங்காலுக்கு அதற்குள் வைத்தியம் பார்த்துக்கொள். ஏணியை மாற்றிவிட்டேன்.

அத்தான்